தம்பியைப் பறித்தது எங்கள் மரபணுவா?

கேள்வி: 2021 ஜூலையில் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே வாரத்தில் கொரோனா வந்தது. அம்மாவுக்கு அப்போது 64 வயது, சர்க்கரை நோய் உண்டு. மூன்று நாள் காய்ச்சலோடு தப்பினார். 67 வயது அப்பா பத்து நாள் ஆக்ஸிஜனில் இருந்து மீண்டார். என் மகனுக்கு 3 வயது. ஒரு நாள் உடம்பு சுட்டது, அவ்வளவுதான். எனக்கு எந்த அறிகுறியும் இல்லை, பரிசோதனையில்தான் பாசிட்டிவ் என்று வந்தது. என் தம்பிக்கு 29. எந்த நோயும் கிடையாது, தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவன். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பதினாறு நாள் வென்டிலேட்டரில் இருந்து இறந்துபோனான். 2022 ஜனவரியில் மறுபடி எங்கள் எல்லோருக்கும் வந்தது. அப்பாவுக்குக்கூட வெறும் சளிதான்.

போன மாதம் ஒரு நிறுவனத்துக்கு எச்சில் மாதிரி அனுப்பி மரபணுச் சோதனை செய்தேன். ‘மூன்றாம் குரோமோசோமில் தீவிர கோவிட் அபாயம் உள்ள நியாண்டர்தால் பகுதி, ஒரு பிரதி’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. எங்கள் குடும்ப மரபணுதான் தம்பியைக் கொன்றதா? என் மகனுக்கும் அது இருக்குமா? எனக்கு ஓ குரூப் ரத்தம், அதனால்தான் தப்பினேனா? முதலில் தொற்றியது எனக்குத்தான். என் உடம்பிலிருந்து போன வைரஸ் வீரியமாகி அவனைத் தாக்கியதா?

— 38 வயது வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

29 வயதுத் தம்பியை வாரிக்கொடுத்த வீட்டுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மரபியல் மருத்துவராக நீங்கள் கேட்டவற்றுக்கு நேராகப் பதில் சொல்வது ஒன்றுதான் என்னால் முடிந்தது. நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தூக்கத்தைக் கெடுப்பது ரிப்போர்ட்டைவிட அந்தக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

இல்லை. உங்கள் உடம்பில் வைரஸ் வீரியமாகவில்லை.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கொரோனா வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 29,900 எழுத்துகள் கொண்ட ஒரு ஆர்என்ஏ இழை. ஆர்என்ஏ வைரஸ்கள் தம்மைப் படியெடுக்கும்போது நிறையப் பிழை செய்யும். ஆனால் கொரோனா குடும்பத்து வைரஸ்களிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று இருக்கிறது. எழுதி முடித்ததைச் சரிபார்த்துத் தவறான எழுத்தை வெட்டி எடுத்துவிடும். அதனால் ஆள் மாறி ஆள் பரவிக்கொண்டே போகும் சங்கிலியில் மாதத்துக்கு இரண்டு எழுத்து அளவில்தான் மாற்றம் நிலைத்தது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும்போது தொற்றை உண்டாக்குவதும் பெரும்பாலும் ஒன்றோ, சில வைரஸ் துகள்களோதான். ஒரே வாரத்தில், ஒரே வீட்டுக்குள் உங்களிடமிருந்து தம்பிக்குப் போயிருந்தாலும், இரண்டு பேர் மாதிரியையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் வித்தியாசம் ஒரு எழுத்து இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. உங்களை ஒன்றும் செய்யாத அதே வைரஸ்தான் அவருக்குள்ளும் போனது.

இன்னொன்று. பரிசோதனையில் முதலில் பாசிட்டிவ் வந்தவர்தான் முதலில் தொற்றியவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? அறிகுறியே இல்லாத நீங்கள் எந்த நாளில் தொற்றுக்கு ஆளானீர்கள் என்று எந்தச் சோதனையும் சொல்லாது. தம்பிதான் வெளியிலிருந்து கொண்டுவந்து, அது உங்களுக்கு வந்திருக்கவும் இதே அளவு வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கை நான்கு வருடமாகச் சுமந்திருக்கிறீர்கள். இறக்கி வையுங்கள்.

சரி, வைரஸின் மரபணு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், அப்படியும் இல்லை. அதன் வேலை தெரிவது ஒரு வீட்டுக்குள்ளே அல்ல, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே. 2020 தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு வகை சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மரபுத்தொகுதியில் ‘ஓ.ஆர்.எஃப்.8’ என்ற இடத்தில் 382 எழுத்துகள் மொத்தமாகக் காணாமல் போயிருந்தன. அங்கே 131 நோயாளிகளைக் கவனித்ததில், வழக்கமான வைரஸ் தொற்றியவர்களில் 28 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து, வெளியிலிருந்து கொடுக்க வேண்டிவந்தது. இந்த வெட்டுப்பட்ட வைரஸ் மட்டும் தொற்றிய 29 பேரில் ஒருவருக்குக்கூட அந்த நிலை வரவில்லை. அந்த வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு தென்படவில்லை. நோயாளிகள் தனிமைப்படுத்தப்பட்டதில் அதன் சங்கிலியும் அறுந்துவிட்டது. லேசான வகை அழிந்து கடுமையான வகை உலகைச் சுற்றிவந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

2021 ஜூலையில் உலகம் முழுக்க ஓங்கியிருந்தது டெல்டா. உங்கள் வீட்டுக்குள் வந்ததும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வைரஸின் மேலே முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தில் 681-ஆம் இடத்தில் நடந்த ஒரு மாற்றத்தால், செல்லுக்குள் நுழைவதற்கு முன் அந்தப் புரதம் வெட்டுப்பட வேண்டியது சுலபமாகிவிட்டது. இங்கிலாந்தில் 43,000-க்கும் அதிகமான தொற்றுகளை ஒப்பிட்டபோது, அதற்கு முந்தைய ஆல்ஃபாவைவிட டெல்டா வந்தவர்கள் மருத்துவமனையில் சேரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் சற்று மேலாகவே இருந்தது. காலம் அப்படி. இரண்டு வருடப் பெருந்தொற்றில் மிக மோசமான வகைகளில் ஒன்றிடம் உங்கள் தம்பி மாட்டிக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து அப்பாவுக்கு வெறும் சளியோடு போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு மாதத்தில் அப்பாவின் மரபணு மாறவில்லை. மாறியது இரண்டு. ஒன்று, முதல் தொற்றிலிருந்தும் (இடையில் போட்டிருந்தால் தடுப்பூசியிலிருந்தும்) அவர் உடம்பு வைரஸை அடையாளம் கண்டு வைத்திருந்தது. இன்னொன்று, வந்தது ஒமிக்ரான். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா உலக சுகாதார அமைப்புக்குத் தெரிவித்த அந்த வகையின் ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் மனித மூச்சுக்குழாய்த் திசுவிலும் நுரையீரல் திசுவிலும் அதை வளர்த்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்தில் மூச்சுக்குழாயில் டெல்டாவைவிட 70 மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவிலோ மூல வைரஸின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. தொண்டையோடு நின்றுவிட்டதால் சளியாகத் தெரிந்தது. ஆனாலும் ஒமிக்ரானை ‘ஒன்றும் செய்யாத வைரஸ்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2022 தொடக்கத்தில் அதே ஹாங்காங்கில், தடுப்பூசி போடாத முதியவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது அதுதான்.

ஆக, அப்பா ஜூலையில் படுத்ததற்கும் ஜனவரியில் நடமாடியதற்கும் உள்ள வித்தியாசத்தில் வைரஸின் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜூலையில் ஒரே கூரையின் கீழ் ஒரே வைரஸிடம் ஐந்து பேர் ஐந்து விதமாக அனுபவித்ததற்கு வைரஸைக் கைகாட்ட முடியாது. அங்கேதான் மனித உடம்பு வருகிறது. இப்போது ரிப்போர்ட்டைப் பார்ப்போம்.

அதில் எழுதியிருப்பது உண்மைதான். 2020 ஜூனில் இத்தாலி, ஸ்பெயின் மருத்துவமனைகளில் மூச்சுத் திணறலோடு சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்டவர்களின் மரபுத்தொகுதியை ஆரோக்கியமானவர்களுடையதோடு ஒப்பிட்டபோது, மூன்றாம் குரோமோசோமின் ஒரு பகுதி பளிச்சென்று தனித்துத் தெரிந்தது. அதே ஆண்டில் ஸ்வாந்தே பேபோ, ஹூகோ ஸெபெரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அந்தப் பகுதி பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து நமக்கு வந்தது என்று காட்டினார்கள். குரோவேஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த, ஏறத்தாழ 50,000 ஆண்டுப் பழைய எலும்பில் இதே எழுத்து வரிசை இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அது கிட்டத்தட்ட இல்லை. ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம் ஒரு பிரதியாவது உண்டு. தெற்காசியாவிலோ சுமார் பாதிப்பேரிடம்.

பாதிப்பேர் என்பதை இன்னொரு முறை படியுங்கள். இரண்டில் ஒருவரிடம் இருக்கும் ஒன்றைக் காட்டி, இதுதான் ஒருவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். தெருவில் எதிரே வருகிறவர்களில் பாதிப்பேர் இதைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கொரோனா வந்து போயும்விட்டது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில், 25 வயதில் தொற்றியவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000-க்கு ஒருவர். 55 வயதில் 1,000-க்கு 4 பேர். 65 வயதில் 1,000-க்கு 14 பேர், 75 வயதில் 46 பேர், 85 வயதில் 150 பேர். இளையவர்களிடம் இந்த மூன்றாம் குரோமோசோம் பகுதியின் பாதிப்பு முதியவர்களிடம் இருப்பதைவிடக் கூடுதல் என்பதும் தெரியும். ஒரு பேச்சுக்கு அபாயத்தை இரண்டு மடங்கு ஆக்கியது என்றே வைத்துக்கொள்வோம். 10,000-க்கு ஒருவர் என்பது 10,000-க்கு இருவர் ஆகும். அதை வைத்து ஒரு இளைஞரின் மரணத்தை விளக்க முடியுமா? முடியாது. ரிப்போர்ட்டில் சிவப்பு நிறத்தில் ‘அபாயம்’ என்று அச்சிடுகிறவர்கள் எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்பதைப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதைச் செய்யாமல் தூக்கத்தைக் கெடுப்பது என்னைப் பொறுத்தவரை தவறு.

அந்தப் பகுதி உடம்பில் என்னதான் செய்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2021-இல் அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட எழுத்தைச் சுட்டினார்கள். அது பக்கத்தில் இருக்கும் ‘எல்.இசட்.டி.எஃப்.எல்.1’ என்ற மரபணுவின் குரலைக் கூட்டிவிடுகிறது. வைரஸ் தாக்கும்போது நுரையீரலின் உட்பூச்சுச் செல்கள் தம் இயல்பை மாற்றிக்கொண்டு தற்காத்துக்கொள்ளப் பார்க்கும். இந்த மரபணு ஓங்கினால் அது தடைப்படும் என்பது அவர்கள் கருத்து. நோய் எதிர்ப்புச் சக்தியை இது தொடவில்லை என்பது முக்கியம். அதனால்தான் இந்தப் பகுதி இருப்பவர்களுக்கும் தடுப்பூசி வேலை செய்யும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதே பகுதியைச் சுமப்பவர்களுக்கு எச்.ஐ.வி தொற்றும் அபாயம் சுமார் 27 சதவீதம் குறைவு என்று பின்னர் ஸெபெரிக் காட்டினார். அதே நியாண்டர்தால் மூதாதைகள் 12-ஆம் குரோமோசோமில் கொடுத்துவிட்டுப் போன இன்னொரு துண்டு, வைரஸ் ஆர்என்ஏவைச் சிதைக்க உதவும் ஓ.ஏ.எஸ். மரபணுக்களைக் கொண்டது. அது தீவிர கோவிட் அபாயத்தைச் சுமார் 22 சதவீதம் குறைக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஏன் முதல் பக்கத்தில் போடவில்லை என்று அந்த நிறுவனத்திடம் கேட்கலாம்.

ரத்தப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓ பிரிவினருக்குச் சிறிது சாதகம், ஏ பிரிவினருக்குச் சிறிது பாதகம் என்று முதலில் தெரிந்தது. பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அது தொற்றும் வாய்ப்பைத்தான் கொஞ்சம் பாதிக்கிறது, நோயின் கடுமையை அல்ல என்று தெளிவானது. உங்களுக்குத் தொற்றிவிட்டது. எனவே நீங்கள் தப்பியதற்கு ஓ காரணமில்லை.

அப்புறம் தம்பிக்கு என்னதான் ஆனது? நான் பார்க்க விரும்பும் இடம் உங்கள் ரிப்போர்ட் பார்க்காத இடம்.

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் அந்தச் செல் முதலில் செய்ய வேண்டியது கூச்சல் போடுவது. அந்தக் கூச்சலுக்குப் பெயர் இன்டர்ஃபெரான். அதைக் கேட்டு அக்கம்பக்கத்துச் செல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். எதிர்ப்புப் படை கிளம்பும். கொரோனா வைரஸ் இதில் கெட்டிக்கார வைரஸ். தன் புரதங்களில் சிலவற்றை இந்தக் கூச்சலை அமுக்கவே வைத்திருக்கிறது. ஒன்று செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்தும். மற்றொன்று செய்தி உட்கருவுக்குள் போகும் வழியை அடைக்கும். அப்படியும் பெரும்பாலோரிடம் கூச்சல் எழுந்துவிடும், ஏனென்றால் ரத்தத்தில் அதற்கென்றே சில காவல் செல்கள் உண்டு. வைரஸின் ஆர்என்ஏவை விழுங்கி, டி.எல்.ஆர்.7 என்ற உணரி மூலம் அடையாளம் கண்டு, ஏராளமான இன்டர்ஃபெரானைக் கொட்டும். முதல் இரண்டு மூன்று நாளில் இது நடந்தால் நோய் மூக்கோடும் தொண்டையோடும் முடிந்துபோகிறது. நடக்காவிட்டால் வைரஸ் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அது தெரிந்த பிறகு, ஏழாம் எட்டாம் நாளில், உடம்பு தாமதமாகவும் தாறுமாறாகவும் கொதித்தெழும். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கட்டம் அது.

2020-இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் அண்ணன் தம்பி என இரண்டு இளைஞர்கள், நான்கு பேரும் 35 வயதுக்குள், முன்பு பெரிய நோய் எதுவும் இல்லாதவர்கள். நால்வருமே வென்டிலேட்டருக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார். மரபணுக்களைப் பார்த்தால் நால்வரிடமும் டி.எல்.ஆர்.7 பழுதாகியிருந்தது. இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும். ஆண்களுக்கு ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. மறு வருடம் 1,202 ஆண் நோயாளிகளைப் பார்த்த பெரிய ஆய்வில், நிலைமை மோசமான 60 வயதுக்குட்பட்ட ஆண்களில் சுமார் 1.8 சதவீதம் பேரிடம் இதே குறை இருந்தது. லேசாக வந்துபோன ஆண்களில் ஒருவரிடமும் இல்லை. டி.எல்.ஆர்.3, ஐ.ஆர்.எஃப்.7 என்று இதே பாதையில் இன்னும் சில மரபணுக்களும் உண்டு. ஷான்-லொரான் கஸனோவா தலைமையிலான பன்னாட்டுக் குழு 2020-இல் பார்த்தபோது, உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்களில் 3.5 சதவீதம் பேரிடம் இந்தப் பாதையில் எங்கோ ஒரு பிறவிக் குறை கிடைத்தது.

இதற்கு முற்றிலும் வேறான ஒன்றும் இருக்கிறது. சிலரின் உடம்பு தன் இன்டர்ஃபெரானுக்கு எதிராகவே எதிரணு தயாரித்து வைத்திருக்கும். கொரோனா வருவதற்கு முன்பே அது ரத்தத்தில் இருக்கும், ஆனால் அவருக்கே தெரியாது. அதே குழு பார்த்த 987 தீவிர நோயாளிகளில் 101 பேரிடம் இது இருந்தது; அவர்களில் 95 பேர் ஆண்கள். வயது ஏற ஏற, அதுவும் 70-க்கு மேல், இது கூடுகிறது. அப்பா ஆக்ஸிஜன் வரை போனதற்கு வயதும் ஆண் என்பதுமே போதுமான காரணம்; இதுவும் சேர்ந்திருக்கலாம். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. தம்பியிடமும் இருந்திருக்கலாம். அப்படியானால் உங்கள் மகனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் ஏன் அறிகுறியே இல்லாமல் தப்பினீர்கள்? பெண், 34 வயது, இரண்டு எக்ஸ். இவையே பாதி விடை. மீதிக்கு ஒரு சாத்தியம் சொல்கிறேன். வைரஸின் துண்டுகளை எதிர்ப்புப் படைக்கு எடுத்துக்காட்டும் எச்.எல்.ஏ மரபணுக்களில் ‘எச்.எல்.ஏ-பி 15:01’ என்ற வகை இருப்பவர்கள் அறிகுறியில்லாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2023-இல் வெளியானது. அதில் இரண்டு பிரதி இருந்தால் எட்டு மடங்குக்கும் மேல். சாதாரண ஜலதோஷம் தரும் பழைய கொரோனா வைரஸ்களைச் சந்தித்த டி செல்கள் (எதிர்ப்புப் படையின் ஒரு பிரிவு), இந்த வகை இருப்பவர்களிடம் புதிய வைரஸின் ஒரு துண்டையும் அடையாளம் கண்டுவிடுகின்றன. அம்மாவும் லேசாகத் தப்பியிருப்பதால் உங்கள் இருவரிடமும் இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

இப்போது உங்கள் மகன். மூன்றாம் குரோமோசோம் பகுதி அவனுக்கு உங்களிடமிருந்து வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. வந்திருந்தாலும் என் கணிப்பில் அவன் வாழ்க்கையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதற்காக அவன் எச்சிலை அந்த நிறுவனத்துக்கு அனுப்பாதீர்கள். சொந்தமாக முடிவெடுக்கும் வயது வராத குழந்தைக்கு, சிகிச்சையை மாற்றாத ஒரு சோதனையைச் செய்வதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

டி.எல்.ஆர்.7 விஷயம் வேறு. அதைப் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் இருந்தால் செய்வதற்கு வேலை இருக்கிறது. பயப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். தம்பிக்கு அந்தக் குறை இருந்திருக்கும் வாய்ப்பு 100-க்கு 2-க்குள். அவர் இளையவர், வேறு நோய் இல்லாதவர் என்பதால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இருந்திருந்தால் அது பெரும்பாலும் அம்மாவிடமிருந்து வந்திருக்கும். அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு, உங்களிடமிருந்து மகனுக்கு அதில் பாதி. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 200-க்கு ஒன்று. அவன் 3 வயதில் டெல்டாவையும் பிறகு இன்னொரு சுற்றையும் சாதாரணமாகத் தாண்டியிருக்கிறான் என்பது கூடுதல் தெம்பு.

இந்தச் சோதனையை எச்சில் கிட் விற்கும் நிறுவனத்தில் செய்ய முடியாது. அவர்கள் பார்ப்பது பலரிடமும் காணப்படும் எழுத்து மாற்றங்களை. அரிய பழுதைக் கண்டுபிடிக்க அந்த மரபணுவை முழுக்கப் படிக்க வேண்டும். மரபியல் ஆலோசகரிடமோ நோய் எதிர்ப்பியல் மருத்துவரிடமோ போய், ‘இன்டர்ஃபெரான் பாதையின் பிறவிக் குறைகளுக்கான மரபணுத் தொகுப்புச் சோதனை’ என்று கேளுங்கள். தம்பியின் ரத்த மாதிரியோ திசுவோ மருத்துவமனையில் எஞ்சியிருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் அம்மாவும் நீங்களும் ரத்தம் கொடுத்தால் போதும். உங்களிடம் குறை இல்லை என்றால் மகனின் கேள்வி அங்கேயே முடிந்தது. ஏதாவது மாற்றம் தெரிந்தாலும் உடனே கலங்காதீர்கள். டி.எல்.ஆர்.7-இல் ஒன்றும் செய்யாத மாற்றங்களும் நிறைய. அந்த மாற்றம் உண்மையிலேயே உணரியைச் செயலிழக்கச் செய்கிறதா என்று செல்களில் வைத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள்.

ஒருவேளை மகனுக்கு இருந்தால்? தடுப்பூசிகளைத் தவறவிடாமல் போடுவது, காய்ச்சலும் இருமலும் வந்தால் அன்றே கொரோனா பரிசோதனை, பாசிட்டிவ் என்றால் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் அன்றே பேசுவது. முதல் ஐந்து நாளுக்குள் கொடுத்தால்தான் அந்த மருந்துகளால் பலன். டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இதற்கு நேர் எதிர். ஆக்ஸிஜன் தேவைப்படும் கட்டத்தில் உயிர் காக்கும்; 2020-இல் பிரிட்டனின் ரிக்கவரி ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. மூச்சு நன்றாக இருக்கும் முதல் நாட்களில் கொடுத்தால், ஏற்கெனவே மந்தமாக இருக்கும் கூச்சலை நாமே அமுக்குவதாகிவிடும். இது உங்கள் மகனுக்கு மட்டும் சொல்வதில்லை, எல்லோருக்கும்தான்.

ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்துகொண்டு போங்கள். அப்பா வழியைவிட அம்மா வழி முக்கியம். அம்மாவின் சகோதரர்கள், அவருடைய சகோதரிகளின் மகன்கள், தாய்வழித் தாத்தா. இவர்களில் யாராவது இளவயதில் நிமோனியாவாலோ கடும் ஃப்ளூவாலோ கொரோனாவாலோ மருத்துவமனையில் கிடந்தார்களா, இறந்தார்களா என்று எழுதுங்கள். தம்பியின் சிகிச்சைக் குறிப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

போவதற்கு முன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். ‘உங்களிடமிருந்து வந்ததா என்று பார்க்கிறோம்’ என்று ஆய்வகத்தில் யாரோ ஒருவர் சொல்லி அவர் முதல் முறையாகக் கேட்கக் கூடாது. எந்தத் தாயும் எந்த எழுத்தைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பதில்லை என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் ரத்தம் மட்டுமே மகனைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.